தம்பிக்கு ஒதுக்கிய படம்

அந்தப் பதிப்பகத்தில் அவளை எல்லோரும் அட்டைக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவள், வயதிலும் மூத்தவள். இரண்டையும் சேர்த்து யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இரத்தம் உறிஞ்சும் பூச்சிக்கும் அதே பெயர்தான் என்பதை அவள் கணவர் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. "ஒரு படத்தைப் பிடிச்சுட்டா, உப்பு போட்டாத்தான் விடுவா" என்பார்.

பதிப்பகம் போட்டதெல்லாம் கம்ப்யூட்டர் புத்தகங்கள். ஆனால் ஒன்றின் அட்டையிலும் கம்ப்யூட்டர் இருக்காது. இருநூறு, முந்நூறு வருடத்துக்கு முந்தைய உடையில் யாராவது ஒருவர் நிற்பார். தோளில் கட்டையை வைத்து இரண்டு பக்கமும் பால்குடம் தொங்கவிட்ட மலைநாட்டுக்காரி, இறகுத் தொப்பி வைத்த துறைமுகக் காவலன், கறுப்பு முக்காட்டில் வடக்கு மாகாணத்து விதவை. பதிப்பகத்தை ஆரம்பித்த பெரியவர் இளம் வயதில் ஒரு ஏலத்தில் நான்கு பெரிய தொகுதிகளை வாங்கியிருந்தார். எந்தெந்த நாட்டில் யார் என்ன உடுத்தினார்கள் என்று செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டிய படங்கள். அட்டையில் அவற்றைத்தான் போட வேண்டும் என்பது அவர் கட்டளை. ஏன் என்று கேட்டவர்களிடம், "மிஷின் படத்தைப் போட்டா ரெண்டு வருஷத்துல பழசாயிடும். இவங்க ஏற்கெனவே பழசு. இனிமே இவங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்பார்.

அவர் கணக்கு பொய்க்கவில்லை. படித்தவர்கள் புத்தகத்தின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு அட்டையில் இருந்தவர் பெயரைச் சொன்னார்கள். "பால்காரில அஞ்சாவது அத்தியாயத்தைப் பாரு." "காவலன் புதுப் பதிப்பு வந்துடுச்சாமே." ஒரு பையன் வேலைக்கான நேர்காணலில், "பால்காரியைக் கரைச்சுக் குடிச்சிருக்கேன் சார்" என்று சொல்லி வேலை வாங்கினானாம். உண்மையோ பொய்யோ, அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எந்தப் புத்தகத்துக்கு யார் என்று முடிவுசெய்வது அட்டைக்காதான். கம்ப்யூட்டர் சங்கதி அவளுக்கு அவ்வளவாகப் பிடிபடாது. எழுதுகிறவரை உட்காரவைத்து, "உங்க அம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க, இந்தப் புக்கு எதுக்கு?" என்று கேட்பாள். சொல்வதைக் கேட்டுக்கொண்டே மனதுக்குள் நான்கு தொகுதிகளையும் புரட்டிவிடுவாள். அழிந்துபோன தகவல்களை மீட்பது எப்படி என்று எழுதிய ஒருவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்கும் ஆளைக் கொடுத்தபோது, மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்னம்மா, எனக்குப் போய் குழி வெட்டுறவனா?" "தோண்டி எடுக்கணும்னாலும் அவரைத்தானே சார் கூப்பிடணும்?" என்றாள் இவள். அவர் சிரித்துவிட்டார். புத்தகமும் நன்றாகப் போயிற்று.

படம் முடிவானதும் பூஞ்சைப் புள்ளிகளையும் பூச்சி அரித்த ஓட்டைகளையும் திரையில் ஒவ்வொன்றாக நீக்குவாள். வண்ணம் தீட்டியவரின் தூரிகை கோட்டைத் தாண்டி வழிந்த இடத்தை மட்டும் தொடமாட்டாள். உள்பக்கத்தில் நான்கு வரி எழுதுவாள்: அது என்ன துணி, இடுப்புக் கச்சையை ஏன் இடப்பக்கம் முடிந்தார்கள், எப்போது அந்த உடை வழக்கொழிந்தது. கம்ப்யூட்டர் புத்தகம் வாங்குகிறவர்கள் அதைப் படிப்பார்களா என்று அவள் கவலைப்பட்டதே இல்லை.

ஒரே ஒரு படத்தை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்றாம் தொகுதியில் இருந்த நடைத்தபால்காரன். முழங்கால்வரை நீலக் கோட்டு, தோல்பை, நுனியில் மணி கட்டிய தடி. பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு மலைப்பாதையில் நிற்பான். ஊர் எல்லை வந்ததும் போட்டுக்கொள்வான் போலிருக்கிறது. ஒரு காது கொஞ்சம் துருத்தியிருக்கும். ஒற்றைப் புருவம் தூக்கி, இப்போதுதான் யாரோடோ வாதாடத் தொடங்குகிறவன்போல உதடு பிரிந்திருக்கும். அசப்பில் அவள் தம்பியேதான். அவனும் பள்ளிக்கூடம் விட்டு ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வருவான். "காலுக்கு வாங்கினதைக் கழுத்துக்குப் போட்டுட்டு வர்றான் பாரு, மாப்பிள்ளை" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தப் படத்தைக் கேட்ட எழுத்தாளர்களிடம், "அது ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லியாச்சு" என்று கூசாமல் சொல்லிவந்தாள். தம்பி அப்போது புத்தகம் எழுதும் எண்ணத்திலேயே இல்லை. பெரிய கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தான்.

ஒருநாள் காலை அவன் அடையாள அட்டையைத் தேய்த்தபோது கம்பெனிக் கதவு திறக்கவில்லை. கூட வந்த பலருக்கும் திறக்கவில்லை. ஆட்குறைப்பு. "கதவு சொல்லித்தான்க்கா எனக்கே தெரிஞ்சுது" என்று முதல் வாரம் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு நேர்காணல்களுக்குப் போனான். இவன் வயதில் பாதி இருப்பவர்கள் எதிரே உட்கார்ந்து புதிர் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும், "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சிரிப்பு போயிற்று, பிறகு பேச்சும் குறைந்தது.

அட்டைக்காதான் எடிட்டரிடம் பேசினாள். பதிப்பகத்தில் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பவர் அவர். மாதிரிக்கு ஒரு அத்தியாயம் வாங்கிப் படித்துவிட்டு, "தயவுதாட்சண்யமெல்லாம் இல்ல அட்டைக்கா, உங்க தம்பிக்கு நிஜமாவே எழுத வருது" என்றார். ஒப்பந்தம் ஆனது. தம்பியையும் வழக்கம்போல உட்காரவைத்து, "அம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்று கேட்டாள்.

"ஒரு மிஷின் இன்னொரு மிஷினுக்குச் செய்தி அனுப்புது. தபால் மாதிரின்னு வெச்சுக்கோயேன். கொண்டு போறவன் வழியில விழுந்துட்டாலும் தபால் தொலையக் கூடாது. அதே தபால் ரெண்டு தடவை போய்ச் சேரவும் கூடாது. அவ்வளவுதான்க்கா புக்கு."

அவளுக்கு மேல் சிலிர்த்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பாதிக்கு மேல் எழுதி முடித்த பிறகுதான் அட்டையைக் காட்டுவது என்று பதிப்பகத்தில் ஒரு பழக்கம். அட்டையைக் காட்டிவிட்டால் புத்தகம் வருவது உறுதி என்று அர்த்தம். தம்பி பாதி வரைக்கும் விறுவிறுவென்று எழுதினான். அங்கே வந்து சகதியில் மாட்டிய வண்டியாக நின்றுபோனான். ஒரு பக்கம் எழுதினால் இரண்டு பக்கம் அழித்தான்.

அந்த நிலையில்தான் பதிப்பகம் கைமாறியது. பெரியவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. பிள்ளைகளுக்கு இதில் ஈடுபாடில்லை. இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. புதிதாக வந்த மேலாளர் அம்மாள் நல்ல மாதிரி, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"இந்தப் படங்கள் அழகுதான், நான் இல்லேங்கல. ஆனா இன்னைக்கு எல்லாரும் அட்டையைப் போன்லதான் பார்க்கிறாங்க. நகத்தளவுல பார்த்தா இவங்க எல்லாரும் துணிமூட்டை மாதிரி தெரியறாங்க. இனிமே ஒரே நிறம், நடுவுல ஒரு முக்கோணம், பெரிய எழுத்துல தலைப்பு. அவ்வளவு போதும்."

எழுதி முடியாத புத்தகங்கள் எல்லாவற்றையும் கைவிடுவது என்றும் முடிவாகியிருந்தது. எடிட்டரையும் அந்த மாதத்தோடு போகச் சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன்னால் அவர் செய்ய வேண்டிய கடைசி வேலை, எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் விஷயத்தைத் தெரிவிப்பது. அட்டைக்காவின் மேசைக்கு வந்து நின்றார்.

"உங்க தம்பிக்கு மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நானே மெயில் போடட்டுமா, நீங்க பக்குவமா சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்" என்றாள்.

சொல்லத்தான் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பியின் மனைவி கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். அன்றைக்கு அவள் கண் வீங்கியிருந்தது. உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணி, அவரு குளிச்சு நாலு நாளாச்சு. அதைக்கூட விடுங்க. நேத்து வேலை முடிஞ்சு வந்து பார்த்தா, பால்கனிச் சுவர்மேல ஏறி உட்கார்ந்திருக்காரு. வெளிப்பக்கமா காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு. கூப்பிட்டேன். திரும்பல. மெதுவா போய்ச் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். 'சும்மா காத்து வாங்கினேன்'ங்கறாரு. ஏழாவது மாடி அண்ணி."

அட்டைக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனாள்.

தம்பி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அறையில் அழுக்குத் துணி வாடை. அவள் போய் ஓரத்தில் உட்கார்ந்ததும், திரும்பாமலே கேட்டான்.

"எடிட்டர் ஏதாவது சொன்னாரா? என்னைத் திட்டியிருப்பாரு."

சொல்ல வேண்டிய வார்த்தைகளை பஸ்ஸில் வரும்போதே கோர்த்து வைத்திருந்தாள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் கண் போனது.

"திட்டலடா. அட்டையை உன்கிட்ட காட்டிடச் சொன்னாரு" என்றாள்.

அவன் திரும்பினான். போனை எடுத்துக் காட்டினாள். எப்போதோ ஆசைக்குச் செய்து வைத்திருந்த அட்டை. மலைப்பாதையில் நீலக் கோட்டு, கழுத்தில் பூட்ஸ், மேலே தம்பியின் புத்தகத் தலைப்பு, கீழே தம்பியின் பெயர்.

வெகுநேரம் பார்த்தான். விரல்களால் பெரிதாக்கி அந்த முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இவன் காது என் காதுடி!"

சின்ன வயதில்தான் அவளை அப்படி 'டி' போட்டுப் பேசுவான், அம்மாவிடம் அடி வாங்குவான். மனைவி வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலம் அவன் குளித்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவன் முதல்ல கேக்கறது, எவ்வளவு நேரமாகும்னுதான். அஞ்சு நிமிஷம்னு சொல்லத் தோணும். சொல்லவே கூடாதுன்னு என் முதலாளி சொல்லுவாரு. தெரியலன்னு சொன்னா அவன் பயந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அஞ்சு நிமிஷம்னு சொல்லி ஆறாவது நிமிஷம் வந்துடுச்சுன்னா, கதவைப் பிறாண்ட ஆரம்பிச்சுடுவான்."

"அவன் சுவத்து மேல ஏறி உட்கார்ந்திருந்தான்ங்க. நான் வேற என்ன பண்ணியிருக்கணும்?"

"கொஞ்சம் தேறட்டும். தேறினதும் சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்.

தம்பி தேறினான். அதுதான் வம்பாயிற்று. காலையில் எழுந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். நின்றுபோயிருந்த அத்தியாயம் நகர்ந்தது, அடுத்தது வந்தது. முகம் மழித்தான். மனைவிக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தான். அட்டையைத் தாளில் அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டி, "டேய் தபால்காரா, இன்னைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம்?" என்று அதனோடு பேசினான். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அக்காவுக்கு அனுப்பினான். இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு எடிட்டரோடு நேரில் பேசக் கூசி, அவளையே கொடுத்துவிடச் சொல்வான். "படிச்சிட்டு இருக்காங்கடா" என்பாள் அவள். எடிட்டர் என்றோ மேசையைக் காலிசெய்துகொண்டு போயிருந்தார். அத்தியாயங்களை அவளே வீட்டில் உட்கார்ந்து படித்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதி நன்றாக இருந்தது. அது இன்னும் வலித்தது.

அலுவலகத்தில் அவள் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சையில் மஞ்சள் முக்கோணம், நீலத்தில் வெள்ளை முக்கோணம். நான்கு தொகுதிகளையும் ஒரு ஓட்டல்காரர் வாங்கிக்கொண்டார். அறைக்கு ஒரு படமாகச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். அவருடைய ஆள் வந்து, எடுத்துப்போக வசதியாக இருக்கும் என்று அலுவலகத்திலேயே பைண்டிங்கை அறுத்து ஏடு ஏடாகப் பிரித்தான். அந்தச் சத்தம் கேட்கப் பிடிக்காமல் அவள் மாடிப்படியில் போய் நின்றாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் புறப்படுவாள். கதவு திறந்ததும் அவன் முகத்தைப் பார்ப்பாள். அடுத்த வாரம் என்று தள்ளிப்போடுவாள். வேறு பதிப்பகத்தில் இடம் பிடித்துவிட்டால் பொய்யே உண்மையாகிவிடுமே என்றும் ஒரு நப்பாசை இருந்தது. தெரிந்த இரண்டு இடங்களில் விசாரித்தாள். ஒருவர், இந்த மென்பொருளுக்கு அடுத்த பதிப்பு வந்துவிட்டது, பாதிப் புத்தகம் செல்லாது என்றார். இன்னொருவர், "இதையெல்லாம் இப்போ யாரும்மா புத்தகத்துல படிக்கிறாங்க? மிஷினையே கேட்டுக்கறாங்க" என்றார்.

இதற்கிடையில் தம்பிக்கு ஒரு வேலை வந்தது. மனைவி வேலைபார்த்த ஆஸ்பத்திரியிலேயே பழைய கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை. சின்ன வேலைதான், ஆனால் நிலையானது. மனைவி அட்டைக்காவுக்குப் போன் செய்தாள்.

"வேண்டாங்கறாரு அண்ணி. புக்கு வந்ததும் நல்ல நல்ல இடத்துல கூப்பிடுவாங்களாம். காவலன் புக்கு எழுதினவரு இப்போ எங்கே இருக்காருன்னு தெரியுமான்னு என்னையே கேக்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. புக்கு நிச்சயமா வந்துடும் இல்ல? அப்படின்னா நானும் வற்புறுத்தல."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வந்திருக்காது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அட்டைக்கா போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் இத்தனை மாதப் பொய்யும் ஒரேயடியாகத் தலையில் விழும். அவன் மறுபடி அந்தச் சுவரில் ஏறினால்?

"அவனே யோசிச்சு முடிவு பண்ணட்டும்மா" என்றாள்.

அந்த வேலைக்கு வேறு ஒருவர் போய்ச் சேர்ந்தார்.

தம்பி கடைசி அத்தியாயத்தை முடித்தபோது அவளுக்குச் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறான். ஒரு காலை வேளை, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பெரிய கேக் பெட்டியோடு பதிப்பகத்துக்கே வந்துவிட்டான். வரவேற்பில் இருந்த புதுப் பெண்ணுக்கு அவனைத் தெரியவில்லை. எடிட்டர் என்று அவன் கேட்ட ஆளையும் தெரியவில்லை. மேலாளர் அம்மாளே எழுந்து வந்தார்.

அட்டைக்கா கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் தன் மேசையில் இருந்தாள். தம்பியின் முதுகு தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை. அவன் போனை எடுத்து அட்டையைக் காட்டினான். மேலாளர் அதைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாக இவளைப் பார்த்தார். அவள் எழுந்து ஓடினாள். போவதற்குள் எல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

"எல்லா எழுத்தாளர்களுக்கும் அப்பவே தெரிவிச்சுட்டோமே சார். உங்களுக்கு உங்க அக்காவே சொல்றேன்னு சொன்னதா எடிட்டர் எழுதி வெச்சுட்டுத்தான் போனாரு. நான் ரொம்ப வருத்தப்படறேன்."

தம்பி மெதுவாகத் திரும்பினான். கேக் பெட்டியை இரண்டு கையாலும் நேராகப் பிடித்திருந்தான்.

"எப்போலேர்ந்துக்கா?"

அவள் கேக் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள், அவன் விடவில்லை.

"அட்டையைக் காட்டினியே, அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்டா."

"அப்போ அந்த ஆஸ்பத்திரி வேலை?" அவன் குரல் உயரவே இல்லை. "அவ உனக்குப் போன் பண்ணினாளே."

"நீ செத்துப் போயிடுவேன்னு பயந்துட்டேன்."

"நான் உயிரோட இருக்கணும்னு செஞ்சே. சரி. இருந்துட்டேன்." கேக் பெட்டியை வரவேற்பு மேசைமேல் வைத்தான். "இப்போ என்னக்கா பண்ணட்டும்? அதையும் நீயே சொல்லிடு."

வரவேற்புப் பெண் தலை குனிந்துகொண்டாள். மேலாளர், தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். தம்பி படியிறங்கிப் போனான். அட்டைக்கா பின்னாலேயே போனாள். தெருவில் நடைபாதை முழுக்க ஆட்கள். "டேய், நில்லுடா" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்தொடர்ந்தாள். அவன் வேகமாக நடக்கக்கூட இல்லை. சிக்னலில் மற்றவர்களோடு நின்றான், பச்சை விழுந்ததும் போனான். கூப்பிட்டது காதில் விழாதவன்போலப் போய்க்கொண்டே இருந்தான். பஸ் நிறுத்தத்தருகே அவள் நின்றுவிட்டாள்.

உடனே அவன் மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள் அவள். "ரெண்டு பேருமா சேர்ந்து சுமந்திருப்போமே." பிறகு, லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதாகச் சொல்லி போனை வைத்தாள்.

தம்பி சுவரில் ஏறவில்லை. அட்டைக்கா பயந்த எதுவும் நடக்கவில்லை. அவன் அழவில்லை, கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாத்திரை கொடுத்தார், ஒழுங்காகச் சாப்பிட்டான். இரண்டு மாதம் கழித்துப் புறநகரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். வந்திறங்கும் பெட்டிகளைக் கருவியால் ஸ்கேன் செய்து, எந்த வரிசை என்று கருவி சொல்கிறதோ அந்த வரிசையில் கொண்டுபோய் வைக்கும் வேலை. நின்று நின்று பாதம் வீங்கியது. புத்தகத்தை இலவசமாக இணையத்தில் போடலாமே என்று பழைய நண்பன் ஒருவன் சொன்னபோது, "அதுக்கென்ன" என்றானாம். போடவில்லை. எழுதியதையெல்லாம் அழித்துவிட்டானா, வைத்திருக்கிறானா என்று மனைவிக்கே தெரியாது. கேட்டால், "எது?" என்கிறானாம்.

எடிட்டரைத் தேடிப் போய் அட்டைக்கா ஒருமுறை பேசினாள். வேறெங்காவது வழியுண்டா என்று கேட்டாள். அவர் மகள் வீட்டில் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அத்தியாயங்களை வாங்கிப் படித்துவிட்டுச் சில நாள் கழித்துப் போன் செய்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு அட்டைக்கா. போன வருஷம் வந்திருக்கணும்" என்றார்.

தம்பி இவள் போனை எடுப்பதில்லை. போன் செய்வதை அவளும் குறைத்துக்கொண்டாள். ஆறேழு மாதம் அப்படியே ஓடியது. அவன் மனைவிதான் ஒருநாள், "வந்து பாருங்க அண்ணி, ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்று கூப்பிட்டாள். கணவர் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். "நான் கீழேயே இருக்கேன். அக்கா தம்பிக்கு நடுவுல நான் எதுக்கு?" என்றார்.

லிஃப்டில் ஏறும்போது அவள் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கதவைச் சாத்தினால் வெளியிலேயே நிற்கலாம். அடித்தாலும் சரி என்று இருந்தது.

தம்பிதான் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். முகம் சுத்தமாக மழித்திருந்தது. அவளைப் பார்த்துக் கொஞ்சம் விலகி வழி விட்டான்.

"வாங்க. உட்காருங்க" என்றான்.

அவள் அப்படியே நின்றாள். பிறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை. பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

உட்கார்ந்தாள். அவன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான். மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவசரமாகச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"எப்படி இருக்கே?" என்றாள் அட்டைக்கா.

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? மாமா சௌக்கியமா?"

"கீழே நிக்கிறாரு."

"மேலே வரச் சொல்லியிருக்கலாமே."

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"பரவாயில்ல. பழகிடுச்சு. உங்களுக்கு ஆபீஸ்ல வேலை நிறைய இருக்கா?"

அவன் குரலில் கோபம் இருக்கிறதா என்று அவள் தேடித் தேடிக் கேட்டாள். இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள், மன்னிப்புக் கேட்டிருப்பாள். அந்தக் குரலில் எதுவுமே இல்லை. பெட்டி இறக்க வரும் லாரிக்காரரிடம் இப்படித்தான் பேசுவான் போலிருந்தது.

"டேய், என்னைத் திட்டுடா" என்றாள்.

"எதுக்குங்க?" என்றான் அவன். நிஜமாகவே கேட்பவன்போலக் கேட்டான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஷிப்டுக்கு நேரமாகிறது, அவள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லி, சட்டை மாற்ற உள்ளே போனான்.

அவள் தண்ணீரைக் குடிக்காமலே இறங்கி வந்தாள். கணவர் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"இவ்வளவு சீக்கிரமா? என்ன சொன்னான்? திட்டினானா?"

"'வாங்க'ன்னான்" என்றாள்.

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருவரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் அவர் வண்டியைக் கிளப்பவில்லை.